உள்ளங்கையில் கேட்ட சத்தம்

வெளியே விடாத மழை. குழந்தையின் துணிகளைக் காயவைக்க டிரையரைப் போட்டாலே அது கிறீச்சென்று அலறி, பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தையை எழுப்பிவிடுகிறது. குழந்தையைப் பெற்றவள் கண்ணயர்ந்து பல நாளாகிறது. மாமனாருக்கு இரண்டு காதும் கேட்காது. இருந்தும் அவர்தான் பிளக்கைப் பிடுங்கி, தகட்டைக் கழற்றிவிட்டு, ஈரத்துணி வாடையடிக்கும் அந்தச் சிறிய அறையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு கையால் டிரம்மை மெல்லச் சுழற்றுகிறார்; மறு உள்ளங்கையை இயந்திரத்தின் மேல் பதித்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். "இங்கதாம்மா அதிருது" என்று டார்ச்சை உள்ளே அடிக்கிறார். டிரம்மைத் தாங்கும் சின்னச் சக்கரத்தில் நூலும் பஞ்சும் சுற்றி இறுகிக் கிடக்கின்றன. கத்தரியால் அறுத்து, பிசிறு பிசிறாக உருவி எடுக்கிறார். எல்லாவற்றையும் மாட்டி, பொத்தானை அழுத்துகிறார். உள்ளே துணிகள் புரளும் மெத்தென்ற ஓசை மட்டும்தான். "சத்தம் நின்னுடுச்சாம்மா?" அவள் தோளில் உறங்கும் குழந்தையின் முகத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டுகிறாள். எப்போதும் வீடே அதிர உரக்கப் பேசுகிறவர், குரலை அடியோடு தாழ்த்தி, "எங்கிட்ட குடு. நீ போய்ப் படும்மா" என்று கைகளை நீட்டுகிறார்.