பதினான்காவது நகர்வு

அருப்புக்கோட்டைக் கல்யாண மண்டபத்தில் செஸ் போட்டியின் கடைசிச் சுற்று. தகரக் கூரை வெயிலில் படபடக்கிறது. சுகப்பிரியா, எதிரே உட்கார்ந்திருக்கும் பரளச்சி கிராமத்து மாரிக்கனி குலுக்க நீட்டிய கையை விரல்நுனியால் தொட்டுவிட்டுத் துப்பட்டாவில் துடைத்துக்கொள்கிறாள். போன வருடம் மதுரைப் போட்டிக்குப் போனபோது இருவருக்கும் ஒரே அறை. குளித்துவிட்டு வந்த மாரிக்கனி, ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளை எழுதித் தலையணைக்கு அடியில் வைத்த தன் ஓப்பனிங் நோட்டு மெத்தைமேல் கிடப்பதைப் பார்த்து, எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இப்போது சுகப்பிரியா மனப்பாடச் செய்யுளை ஒப்பிக்கிற வேகத்தில் காய்களைத் தட்டித் தட்டி வைக்கிறாள். பதின்மூன்று நகர்வும் அந்த நோட்டில் உள்ளபடியே. கடிகாரத்தை அவள் அடிக்கிற அடியில் பக்கத்து மேசைக்காரர் முறைக்கிறார். மாரிக்கனி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருக்கிறாள். பதினான்காவதாகச் சுகப்பிரியாவின் குதிரை ஓரத்துக்குத் தாவுகிறது. மூடியைத் திருகிய விரல்கள் நிற்கின்றன. மாரிக்கனியின் ராணி நேராகப் போய், எதிர் ராஜாவுக்கு ஓட இடமில்லாதபடி உட்காருகிறது. சுகப்பிரியா முதல்முறையாகப் பலகையைக் குனிந்து பார்க்கிறாள். காதுமடல் சிவக்கிறது.

“நோட்டுல அந்தக் குதிரை மூவ் தப்புன்னு மதுரையில இருந்து வந்த மறுநாளே அடிச்சுத் திருத்திட்டேன்டி,” என்கிறாள் மாரிக்கனி. “நீதான் அதுக்கு முந்தியே களவாண்டுட்ட.”