முதல் வாய்ச் சோறு

நவால் தன் கதையின் கடைசிப் பக்கத்தை வாசித்து முடித்ததும், லண்டன் இல்ஃபோர்ட் நூலகத்தின் அந்தச் சின்ன அறையில் பத்துப் பெண்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அருள்நாயகியும் தட்டினாள். தட்டாமல் இருந்தால் தெரிந்துவிடுமே!

வயிறு பற்றி எரிந்தது. பின்னே, எரியாதா?

கதையில் வருகிறவள் பாக்தாத்காரி. இருபத்தாறு வருடமாகக் கணவன் சாப்பிட்டு எழும்பிய பிறகே தட்டை எடுத்தவள். ஒரு நாள் அவன் மேசைக்கு வந்து உட்கார்ந்ததும், பெரிய மீன் துண்டைத் தன் தட்டில் போட்டு, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே முதல் வாய் சாப்பிடுகிறாள். அவ்வளவுதான்.

பாக்தாத்தாவது மண்ணாங்கட்டியாவது! அது அருள்நாயகியின் கதை. மூன்று மாதத்துக்கு முன்னர், இதே வாசகர் வட்டத்தில், தேத்தண்ணி குடிக்கும்போது நவாலிடம் அவள் சொன்ன கதை. கள்ளி, மீனைக்கூட மாற்றவில்லை.

பக்கத்தில் அஜந்தா கண்ணைத் துடைத்தாள். "என்ன துணிச்சல் அக்கா அந்த மனுசிக்கு! எங்களுக்கு ஏலுமே?"

அருள்நாயகி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

அரபுப் பெண்கள் எழுதிய எத்தனையோ நாவல்களை இந்த அறையில் வாசித்தாயிற்று. கலியாணத்தன்று மாட்டேன் என்றவள், அடி வாங்கியும் எழுதுவதை விடாதவள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறியவள். ஒருத்தியைப் பார்த்தும் அவளுக்குப் பொறாமை வந்ததில்லை. அவர்களெல்லாம் புத்தகத்துக்குள் இருந்தார்கள். நவாலோ எதிர்க் கதிரையில் அல்லவா இருக்கிறாள்!

கூட்டம் கலைந்ததும் நவால் நேரே வந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறாள் என்று நினைத்த அருள்நாயகி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டாள். இலேசில் விடுவதாக இல்லை.

நவால் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். "நீ சொன்னதைக் கேட்டு, அடுத்த நாளே என் வீட்டில் நானும் செய்தேன். நான் எழுதியது அதைத்தான். எனக்குக் கை நடுங்கியது அருள். உனக்கும் நடுங்கியதா?"

அருள்நாயகி தன் கைகளை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

அன்றைக்குத் தேத்தண்ணி குடிக்கும்போது ஆளாளுக்குத் தங்கள் வீட்டு வீரத்தைச் சொன்னபோது, அவளுக்கும் சொல்ல ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. கை நடுங்குமா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கணவன் கிருஷ்ணராசாவுக்கு முன் அவள் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை.