கொழும்புச் செரி

அழகம்மாவைக் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

விடிந்தும் விடியாத நேரம். ஜீவராணியின் வாசலில் வரிசையாகக் கன்று நட்டிருந்த தேங்காய்ச் சிரட்டைகளுக்கு முன்னால் குந்தியிருந்தாள். கையெல்லாம் மண். பக்கத்தில் ஒரு உரப்பை.

"தண்ணிக்கு வாற சாக்குல கன்னு புடுங்குறியா?"

ஜீவராணி போட்ட சத்தத்தில், றப்பர் தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயமே கூடிவிட்டது.

சும்மா கன்றுகளா அவை? மகள் தனுஜா கொழும்பிலிருந்து கொண்டுவந்த பழத்தின் கொட்டையில் முளைத்தவை. குட்டிப் பூசணி மாதிரி வரிவரியாய்ச் சிவந்த பழம். வேலிக்கு அழகு, வாய்க்கும் ருசி. பேர் தெரியாததால் 'கொழும்புச் செரி' என்று ஜீவராணியே நாமகரணம் செய்திருந்தாள். ருவான்வெல்லைப் பக்கம் வேறு எந்தத் தோட்டத்திலும் கிடையாதாம். தோட்டத்துத் தொரை வீட்டு அம்மாவுக்கே கன்று தருவதாக வாக்கும் கொடுத்திருந்தாள்.

இப்போது நாலைந்து சிரட்டைகள் மண் கிளறி வெறுமையாகக் கிடந்தன.

பையைத் திறக்கச் சொன்னார்கள். அழகம்மா இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். களவெடுக்கவில்லை என்றாள், அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

"மடியில கனமில்லாட்டி என்ன பயம்?" என்றாள் ஜீவராணி.

பையைப் பிடுங்கப் போனவர்களை ஜீவராணியின் புருஷன் கஜேந்திரன்தான் தடுத்தான். போனால் போகட்டும் என்றான். தங்கமான மனுஷன் என்று லயம் மெச்சியது.

லயத்து மாதர் சங்கத்துக்கு ஜீவராணி தலைவி. நின்ற இடத்திலேயே தீர்ப்பு: ஜீவராணி வீட்டோரம் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியில் அழகம்மா இனித் தண்ணீர் பிடிக்கக் கூடாது, ஆற்றுக்கு இறங்கட்டும். ஆறு கிடுகிடு பள்ளத்தில். மழை வேறு. வீட்டில் படுக்கையோடு கிடக்கும் மாமியாருக்கும் சேர்த்துத் தண்ணீர் வேண்டும். அழகம்மா குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

வீட்டுக்குள் வந்ததும் கஜேந்திரன் கதவைச் சாத்தினான்.

"கத்தாம கேளு. முந்தாநாள் நீ செடிக்குத் தண்ணி ஊத்துன வெள்ளை வாளி, ஸ்டோர்ல றப்பர் பால் ஒறைய வைக்கிற ஆசிட் இருந்த வாளி. நான்தான் மறைச்சுக் கொண்டாந்தேன். கழுவ மறந்துட்டேன். நேத்து நீ கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போய் இருட்டுன பெறகு வாறதுக்குள்ள செடி கருகிருச்சு. அழகம்மா பார்த்துட்டு என்கிட்ட கேட்டா, வாளி கதையச் சொன்னேன்."

"அப்ப அவ பையில?"

"கருகினது. நாம துப்புன கொட்டையப் பொறுக்கி அவளும் கன்னு போட்டிருக்கா. மண்ண மாத்தி அதைத்தான் நட்டுக்கிட்டு இருந்தா. அக்காவுக்குத் தெரிஞ்சா மனசு விட்டுப்போகும், தெரியாமலே மாத்திருவோம்னா."

எல்லாரும் நிற்கும்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள் ஜீவராணி.

"சொன்னா ஸ்டோர் வாளி வீட்டுக்கு எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. வேலை போயிரும். அவளும் அதுக்குத்தான் பையைத் திறக்கல."

ஜீவராணி யோசித்தாள். நன்றாகவே யோசித்தாள்.

பொழுது சாய, பக்கத்து வீட்டுத் தெரேசம்மா வந்தாள். அழகம்மா ஆற்றுப் பாதையில் வழுக்கி விழுந்து முழங்கால் கிழிந்துவிட்டதாம். பாவம், பீலிக்கு விட்டுவிடலாமே என்றாள்.

"எனக்கும் பாவமாத்தான் இருக்குக்கா. ஆனா இன்னைக்கு விட்டுக்குடுத்தா நாளைக்கு எல்லாரும் களவெடுப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே, பீலித் தண்ணீரை மொண்டு, அழகம்மா நட்டுவைத்த கன்றுகளுக்கு ஊற்றினாள் ஜீவராணி.