ஓநாயின் வாயில் ஒரு கை

கையை நீட்டிய அந்தப் பெரிய உருவமுள்ள மனிதர், மறுபடியும் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஓநாய் வாயைப் பிளந்தபடி நின்றது. பழைய படகுகளின் பலகையில் செய்த ஓநாய். ஆள் உயரம். அதைச் செய்த இங்ரூன் வால் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பெர்கன் துறைமுகத்தின் மீன் கிடங்கில் இன்றுதான் கண்காட்சி திறந்திருந்தது.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஓநாயைக் கட்டிப்போட நினைத்த கடவுள்கள், 'விளையாட்டுக்குத்தான், அவிழ்த்துவிடுவோம்' என்றார்கள். அப்படியானால் என் வாயில் ஒருவர் கை வையுங்கள் என்றது ஓநாய். டீர் என்ற கடவுள் மட்டும் வைத்தார். கடவுள்கள் அவிழ்க்கவில்லை. ஓநாய் கடித்துவிட்டது.

வாக்குத் தவறியது கடவுள்கள்தானே என்று சிறு வயதிலிருந்தே இங்ரூனுக்கு ஓர் ஆதங்கம்.

அதனால் அவளுடைய ஓநாய் கடிக்காது. உள்ளே கை வைத்தால் தாடை மெல்ல மூடும். கம்பளிப் பற்கள் கையைப் பற்றிக்கொள்ளும். கை வைத்தவரின் இதயத் துடிப்பு ஓநாயின் வயிற்றிலிருந்து கூடம் முழுக்கக் கேட்கும். துடிப்பு அமைதியானதும் வாய் திறக்கும். அவ்வளவுதான்.

"என்னங்க, மலை மாதிரி இருந்துக்கிட்டு மரக்கட்டைக்குப் பயப்படுறீங்க!" என்றாள் வரிசையில் ஒருத்தி.

"வா தூர்லைவ், போய் வாஃபிள் சாப்பிடலாம். கட்டாயமா என்ன?" என்றாள் அவருடைய மனைவி.

தூர்லைவ் நகரவில்லை.

இங்ரூனுக்குப் பாவமாக இருந்தது. சிரிக்க வைத்தால் பயம் விட்டுப்போகும் என்று நினைத்தாள்.

"வலது கையை விட மனசில்லன்னா இடது கையை வைங்க. போனாலும் பெரிய நஷ்டமில்ல பாருங்க!"

கூடமே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் தூர்லைவ்தான். அவர் மனைவிகூட வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

சிரித்த வேகத்திலேயே வலது கையை முழங்கைவரை உள்ளே விட்டார்.

தாடை மூடியது.

அவருடைய இதயத் துடிப்பில் தகரக் கூரை தடதடவென்று அதிர்ந்தது. சிரிப்பெல்லாம் அடங்கிப்போனது. காலையிலிருந்து எத்தனையோ பேர் கை வைத்திருந்தார்கள். இப்படி ஓர் ஓட்டத்தை இங்ரூன் கேட்டதில்லை. எதற்கோ மிரண்ட குதிரை ஓடுவதுபோல் இருந்தது. தூர்லைவின் நெற்றியெல்லாம் வியர்வை. இங்ரூனின் விரல் தாடையைத் திறக்கும் விசைப்பொத்தானைத் தேடியது. வேண்டாம் என்று மனைவி தலையசைத்தாள்.

தூர்லைவ் கண்களை மூடிக்கொண்டார். மூச்சை இழுத்துவிட்டார்.

குதிரை மெல்ல நடக்கத் தொடங்கியது. பிறகு நின்று புல் மேய்ந்தது.

தாடை திறந்தது.

கையை வெளியே எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தார். அப்புறம் ஓநாயின் மூக்கைத் தடவிக்கொடுத்தார். அவர் நெற்றியை மனைவி துடைத்துவிட்டாள். வரிசையில் கேலி பேசியவள்தான் முதலில் கைதட்டினாள்.

இங்ரூனுக்கு மனம் நிறைந்துபோனது. தானே ஓடிப்போய் ஒரு கோப்பை காப்பியும், பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த சூடான வாஃபிளும் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள்.

தூர்லைவ் காப்பியை வாங்கிக்கொண்டார். வாஃபிளை மனைவி வாங்கி, ஒரு துண்டு பிய்த்து அவர் வாயில் ஊட்டினாள்.

அப்போதுதான் இங்ரூன் அவருடைய கோட்டைச் சரியாகப் பார்த்தாள். இடதுபக்கப் பைக்குள் செருகியிருந்த கோட்டுக்கை, உள்ளே எதுவுமின்றித் தோள்வரை தட்டையாகத் தொங்கியது.

அவள் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

தூர்லைவ் முந்திக்கொண்டார். வாய் நிறைய வாஃபிள்.

"வரிசை குறைஞ்சதும் இன்னொரு தடவை வைக்க விடுவீங்களா?"