‘ஸ்டாண்ட்’ என்ற சொல்லின் நான்காவது பொருள்

“நான் குடுத்த புகாரை வாபஸ் வாங்கிக்கறேன் மேடம்” என்று கைகூப்பினாள், பேராசிரியரிடம் உதவியாளராக இருந்தவள்.

பதிப்பக உரிமையாளரம்மா கண்ணாடியைக் கழற்றினார். மேசையில் ஆங்கிலம்–ஸ்பானிஷ்–தமிழ் அகராதியின் மாதிரிப் பிரதி கிடந்தது. அட்டையில் பேராசிரியர் பெயர் மட்டும்.

ஏழு வருட உழைப்பு. படுத்த படுக்கையான அம்மாவுக்கு மருந்து கொடுத்துக்கொண்டே அவள் எழுதிய சொற்கள் ஆறாயிரத்துக்கு மேல். வேலை முடிந்த மறுநாளே, “இனிமே வர வேண்டாம்மா” என்று சொல்லிவிட்டார் பேராசிரியர்.

“இப்பவாவது புத்தி வந்துதே” என்றார் மேசைக்கு அருகே உட்கார்ந்திருந்த பேராசிரியர். “இவ குறிப்பட்டை எடுத்துக் குடுத்தா, பென்சில் சீவிக் குடுத்தா. அவ்வளவுதான் மேடம். ஒவ்வொரு சொல்லும் நான் தேடிப் பிடிச்சது.”

“ஆமாங்க சார். கெளம்பறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சந்தேகம். கேக்கலாமா?”

“கேளு, கேளு.”

அவள் ‘ஸ்டாண்ட்’ இருந்த பக்கத்தைத் திருப்பினாள். “நிக்கறதுக்கு ‘பரார்சே’. பொறுத்துக்கறதுக்கு ‘அகுவந்தார்’. தெருவோரக் கடைக்கு ‘புவெஸ்தோ’. இதெல்லாம் சரி. நாலாவதா, குடை வைக்கிற ஸ்டாண்டுக்கு ஒரு சொல் போட்டிருக்கீங்களே, அது வேற எந்த அகராதியிலயும் இல்லையே சார்?”

பேராசிரியர் எட்டிப் பார்த்தார். ஒரு கணம்தான் தயங்கினார்.

“எப்படி இருக்கும்? பழைய சொல்லாச்சே. துறைமுகத்துல ஒரு வயசான மாலுமி சொல்லக் கேட்டு, நானே என் கைப்படக் குறிச்சுக்கிட்டேன்.”

“நிச்சயமா நீங்கதானே? நான் எழுதலையே?”

“உனக்கு எங்கேருந்து தெரியும் அந்தச் சொல்? மேடம், வேணும்னா எழுதிக் கையெழுத்துப் போட்டே தரேன்.”

போட்டும் கொடுத்தார். அவள் அந்தத் தாளை மெல்ல உரிமையாளரம்மா பக்கம் நகர்த்தினாள். குரலை உயர்த்தவில்லை.

“நாலு வருஷத்துக்கு முன்னாடி என் கட்டுரை ஒண்ணை இவர் தன் பேர்ல போட்டுக்கிட்டார் மேடம். அன்னைக்கு சாயங்காலமே இந்தச் சொல்லை நான் எழுதி வச்சேன். ஸ்பானிஷ்ல அப்படி ஒரு சொல்லே கிடையாது.”

பேராசிரியர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார்.

“பக்கத்துலயே தமிழ்ல உச்சரிப்பு இருக்கு பாருங்க. ‘டாருதி’. அதைக் கடைசி எழுத்துலேருந்து ஆரம்பிச்சு, இவர் முகத்தைப் பார்த்துப் படிங்க மேடம்.”

உரிமையாளரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார். பிறகு நிமிர்ந்து பேராசிரியரைப் பார்த்தார்.

“திருடா.”