அடையாளம் சொல்லுங்க

"அண்ணே, அந்த உடைஞ்ச படிக்கட்டுப் பக்கம் ஒரே ஒரு தடவை மிஷினை வெச்சுப் பாருங்களேன்."

காலையிலிருந்து இது ஐந்தாவது முறை. மிஷின்காரர் ஹெட்போனைக் கழற்றினார்.

"ஏம்மா, உனக்கு வேற வேலையே இல்லையா? பின்னாடியே வந்து தலையைத் தின்றியே!"

அவருக்கு ஏற்கெனவே இருப்புக் கொள்ளவில்லை. வாரம் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் வேலை. லீவு நாளில், மண்ணுக்கடியில் உலோகம் இருந்தால் கூவும் மிஷினோடு கடற்கரைக்கு வந்துவிடுவார். தொலைந்த நகையைத் தோண்டியெடுத்து உரியவரிடம் சேர்ப்பதில் அப்படியொரு பைத்தியம்.

போன வாரம் கடல் ஆளுயரத்துக்கு மணலை அரித்துக்கொண்டு போயிருந்தது. எங்கேயோ ஆழத்தில் கிடந்ததெல்லாம் இப்போது கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மிஞ்சிப்போனால் இன்னும் ஒரு மணி நேரம். நாளைக்கே கடல் மணலைத் திரும்பக் கொட்டி மூடினாலும் மூடிவிடும். அது யாரைக் கேட்டுச் செய்கிறது?

"என்னத்தைத் தொலைச்சே?"

"செயின்."

"உன்னோடதா?"

அவள் தயங்கினாள். "இல்லண்ணே."

ஓகோ, அப்படியா சேதி என்று நினைத்துக்கொண்டார். கடல் கொஞ்சம் அரித்தால் போதும், ஊரில் பாதிப் பேருக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

"அடுத்தவங்க செயினுக்கு நீ ஏன் இப்படிப் பறக்கறே?"

"நான் வேலை பார்த்த வீட்டம்மாவோடது. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி, நான்தான் எடுத்துட்டேன்னு துரத்திட்டாங்க. வராண்டாவுல எல்லாரும் பார்க்க, என் பையைத் தலைகீழாக் கொட்டச் சொன்னாங்கண்ணே. அன்னையிலேர்ந்து அந்தக் கட்டடத்துல ஒருத்தரும் என்னை வேலைக்குச் சேர்க்கறதில்ல."

"சரி, இங்கேதான் விழுந்ததுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் போனை நீட்டினாள். வீட்டம்மா ஸ்டேட்டஸில் போட்டிருந்த படங்கள்.

"இது அன்னைக்கு இந்தக் கடற்கரையில வந்து இறங்கினதும் எடுத்தது. கழுத்துல செயின் இருக்கா? இது படிக்கட்டுல உட்கார்ந்து எடுத்தது. இருக்கா பாருங்க."

மிஷின்காரர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். இரண்டாவதில் இல்லை.

"இதை அவங்ககிட்டயே காட்ட வேண்டியதுதானே?"

"காட்டினேனே. 'என் கழுத்து மேலயே கண்ணு வெச்சிருந்தியா'ன்னு கேட்டாங்க."

அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். விறுவிறுவென்று படிக்கட்டுக்கு நடந்தார்.

மிஷின் கூவியது. தோண்டினால் பாட்டில் மூடி. இன்னொரு இடம், ஆணி. அதற்கடுத்ததும் ஆணி. அலை வந்து கணுக்காலை நனைத்தது. அவள் ஒரு இடத்தில் நிற்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தாள்.

"நில்லும்மா ஒரு இடத்துல! எனக்கும் சேர்த்துப் படபடங்குது."

கடைசிப் படிக்குக் கீழே நாலாவது குழி. சல்லடையில் அள்ளிச் சலித்தார். மணல் வழிந்தது. செயின் மட்டும் தங்கியது, இலை மாதிரி ஒரு டாலரோடு.

"இதேதாண்ணே! இதேதான்!" அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"இந்தா, கொண்டுபோய் அந்தம்மா மூஞ்சியில விட்டெறி."

அவள் சட்டென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஐயோ, நான் தொடமாட்டேன். நான் கொண்டுபோனா, 'பயந்துபோய்த் திருப்பிக் கொண்டுவந்துட்டா'ம்பாங்க. நீங்களே குடுங்கண்ணே. எங்கே கிடைச்சதுன்னு மட்டும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. வராண்டாவுல நாலு பேர் காதுல விழட்டும். எனக்கு அது போதும்."

மிஷின்காரருக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவளைப் போய் என்னவெல்லாம் நினைத்தோம்!

ஈரப் பேண்ட்டோடு அந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கு ஏறினார். அவள் மாடிப்படி வளைவிலேயே நின்றுகொண்டாள்.

கதவைத் திறந்த வீட்டம்மாவுக்கு அன்பான முகம்.

"அடடா, இப்படி நனைஞ்சிருக்கீங்களே! குடிக்கத் தண்ணி கொண்டு வரட்டுமா?"

நல்ல மனுஷிதான், ஏதோ அவசரத்தில் வார்த்தையை விட்டிருப்பாள் என்று அவருக்குத் தோன்றியது. ஆனாலும் வழக்கத்தை விடவில்லை. செயினை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். முதலிலேயே காட்டிவிட்டால், போகிறவர் வருகிறவரெல்லாம் என்னுடையது என்பார்கள்.

"கடற்கரையில ஒரு செயின் கிடைச்சதுங்க!" அவள் கேட்டுக்கொண்டபடி குரலை நன்றாகவே உயர்த்தினார். "உடைஞ்ச படிக்கட்டுக்குக் கீழே, மண்ணுக்குள்ள! உங்களோடதான்னா அடையாளம் சொல்லுங்க."

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. அந்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

வீட்டம்மாவின் கை கழுத்துக்குப் போய்ப் பாதியில் நின்றது. எதிர் வீட்டுக்காரியைப் பார்த்தாள். மாடி வளைவில் நின்றவளைப் பார்த்தாள்.

உள்ளேயிருந்து கணவர் குரல் கொடுத்தார். "என்னம்மா, நம்ம செயினா?"

"இல்லைங்க. நல்லாப் பார்த்துட்டேன். நம்மளோடது இல்ல."

எதிர் வீட்டுக்காரி மிஷின்காரரின் கையைப் பார்த்தாள். அவர் அதை இன்னும் திறக்கவே இல்லை.