திருப்பிக் கூப்பிடக் கூடாது

ஹெட்போனைக் கழற்றாமல் அந்தப் பதிவை மறுபடியும் ஓட்டினாள்.

"வணக்கம் சகோதரி. நான் இமை பேசுகிறேன். நீங்கள் எங்கள் குடும்ப வன்முறை உதவி எண்ணை அழைத்திருந்தீர்கள். உங்கள் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? ஆம் எனில், ஒன்றை அழுத்தவும்."

தேன் ஒழுகுகிற குரல். மனுஷி இல்லை, மெஷின்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும். ஆம்பளை மூச்சு.

பிறகு ஒன்றை அழுத்துகிற சத்தம்.

"மகிழ்ச்சி. உங்கள் அனுபவத்தை உங்கள் குரலிலேயே பதிவு செய்யலாம்."

பீப்.

"இந்தா. நீயே சொல்லு." அவன்.

பிறகு அவன் பெண்டாட்டி, செவ்வந்தி.

"நல்லா இருக்கேன். இனிமே போன் பண்ண மாட்டேன்."

நேற்று சாயங்காலப் பதிவு. திரையில் அதன் பக்கத்தில் பச்சை டிக். தீர்ந்தது. திருப்தி: மிக அதிகம்.

இவளுக்கு அந்தக் குரல் தெரியும். இமை வருவதற்கு முன்னால் உதவி எண்ணில் அந்தக் குரலோடு பேசிக்கொண்டிருந்தவள் இவள்தான்.

புருஷன் குளிக்கப் போகிற நேரத்தில், அவன் போனிலிருந்துதான் செவ்வந்தி கூப்பிடுவாள். பேசி முடித்ததும் நம்பரை அழிப்பாள். கதவு திறக்கிற சத்தம் கேட்டால் பாதி வார்த்தையில் வைத்துவிடுவாள்.

"நாங்க திருப்பிக் கூப்பிட மாட்டோம்க்கா. எப்பவும் நீங்கதான் கூப்பிடணும். பயப்படாதீங்க."

இவள் சொன்ன வார்த்தை. இவள் வாயால்.

போன் ரூமில் இருந்த பெண்கள் எல்லாருக்கும் இருந்தது இந்த ஒரே சட்டம்தான். யாரும் எழுதி ஒட்டவில்லை. ஒட்ட வேண்டிய அவசியமும் இல்லை. எல்லாரும் ஒற்றைப் போன் வீட்டில் வளர்ந்தவர்கள். அந்த ஒரு போனும் ஆம்பளை சட்டைப் பாக்கெட்டில் இருக்கும்.

இமையைச் செய்தவர்கள் அந்த ரூமுக்குள் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் வீட்டில் ஆளுக்கொரு போன். கேட்க என்ன இருக்கிறது?

இமை வந்ததும் ரூமில் இருந்த மற்றவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிட்டார்கள். இவளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். டிகிரி இருக்கிறதே. வீட்டின் முதல் டிகிரி. அதையும் படம் பிடித்து ஆண்டறிக்கையில் போட்டுக்கொண்டார்கள்.

இப்போது வேலை, பணம் கொடுக்கிறவர்களுக்குக் காட்டப்போகிற படத்துக்காகப் பதிவுகளைக் கேட்டு நல்லதாகப் பொறுக்குவது.

நிறுவன இயக்குநர் நிவேதன் பின்னால் வந்து நின்றார். ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"செம க்ளிப். அந்த வாய்ஸ்ல ஒரு நிம்மதி இருக்கு பாருங்க. படத்தை இதுலயே முடிச்சிடலாம்."

"பட்டனை அழுத்தினது அவ புருஷன் சார்."

"டேட்டால அப்படி இல்லையேம்மா."

"டேட்டாவுக்கு எப்படி சார் தெரியும்? அதுவா அடி வாங்குது?"

அவர் முகம் மாறவில்லை. பயிற்சி.

"மெஷினை இப்பவே நிறுத்துங்க சார். இன்னைக்கு இன்னும் எத்தனை வீட்டுக்குப் போகப்போகுது இது?"

"மூணு மணிக்கு ஃபண்டர்ஸ் வர்றாங்க. இப்ப போய் நிறுத்துன்னா எப்படி? ஒரு மெயில் போடுங்க. டெக் டீம் பாத்துப்பாங்க."

பிடுங்கி எறியலாம் என்றால் ஒரு ஒயர்கூட இல்லை. எல்லாம் எங்கேயோ மேகத்தில் இருக்கிறதாம். மேகத்தில் உட்கார்ந்துகொண்டு வீடு வீடாகக் காட்டிக்கொடுக்கிறது.

மெயில் போட்டாள். இரண்டே வரி. அதில் ஒன்று, ஆபீஸில் யாரும் எழுதாத வசவு.

பிறகு கைப்பையை எடுத்தாள்.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க? நீங்கதான் அவங்ககிட்ட பேசணும். உங்க கதையைக் கேட்கத்தான் வர்றாங்க."

"இமையைப் பேசச் சொல்லுங்க."

தண்ணித் தொட்டிக்குப் பின்னால், பச்சைக் கதவு. செவ்வந்தி ஒரு தடவை வீட்டுக்கு அடையாளம் சொல்லியிருக்கிறாள். நெற்றியில் வெயில் அடிக்க, அந்தக் கதவைத் தட்டிவிட்டு இவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பயமில்லை. திறக்கிறவன் மூஞ்சியில் அறைந்துவிடக் கூடாதே என்றுதான்.

அவன் திறந்தான். மெல்லிசாக, சாதாரணமாக, தூக்கக் கலக்கத்தோடு இருந்தான்.

"பால்வாடியிலருந்துண்ணே. சொட்டு மருந்து. வீட்டம்மாவைப் புள்ளையத் தூக்கிட்டு வரச் சொல்லுங்க."

உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

"போன மாசந்தான போட்டீங்க?"

"விட்டுப்போன புள்ளைங்களுக்குண்ணே."

"எம்புள்ளைக்குத்தான் போட்டாச்சே."

"அப்ப கையெழுத்துப் போட்டுட்டு வந்துரட்டும். இல்லன்னா எனக்குத் திட்டு விழும்ணே."

வாயில் வந்த ஒவ்வொரு 'அண்ணே'வும் துப்ப வேண்டியதாக இருந்தது. சிரித்தாள்.

அவன் அவளை மேலிருந்து கீழே பார்த்தான். பிறகு உள்ளே திரும்பி, "ஏய்" என்றான். அவ்வளவுதான் அந்த வீட்டில் அவள் பேர்.

செவ்வந்தி வந்தாள்.

அக்கா, அக்கா என்று இவள்தான் இத்தனை நாள் போனில் கூப்பிட்டிருக்கிறாள். சின்னப் பெண். இவளைவிடச் சின்னவள். இடுப்பில் பிள்ளை. உதட்டின் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. இவள் முகத்தைப் பார்க்கவில்லை. போனில் பழகிய குரலை அடையாளம் கண்டுதான் வந்திருக்கிறாள் என்பது, அவள் தரையையே பார்த்துக்கொண்டு நின்றதில் தெரிந்தது.

"கொஞ்சம் இருங்க" என்று உள்ளே போனாள்.

சாமி படம் நகருகிற சத்தம். பெட்டி திறக்கிற சத்தம்.

வரும்போது இடுப்பில் பிள்ளை, தோளில் ஒரு துணிப்பை.

"எதுக்குடி பை?"

"ஊசிக் கார்டு கேப்பாங்க."

பையின் வாயில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டின் ஓரம் துருத்திக்கொண்டிருந்தது. செவ்வந்தி அதைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளிவிட்டு, படி இறங்கினாள்.